கொடுக்கில்லாத தேளும் நாலாவது பொண்ணும்

என் தம்பிக்கு வந்த மூணு சம்பந்தத்தையும் பூச்சி விரட்டிடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனா உங்ககிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு? மூணையும் விரட்டினது நான். பூச்சி பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவுதான்.

எங்களோடது சலவைக்கடை. முன்னாடி ரசீது போடற மேஜை, நடுவுல தேய்க்கிற இடம், பின்னாடி பாய்லர் ரூம். மாடியில ரெண்டு ரூம், அதுலதான் நாங்க குடியிருக்கோம். ஆஸ்பத்திரி கோட்டு, ஹோட்டல் மேஜைவிரிப்பு, வக்கீல் கவுன் எல்லாம் எங்ககிட்டதான் வரும். நான் ரசீது போடுவேன், மடிப்பேன், வர்றவங்களோட சண்டை போடுவேன். தம்பி தேய்ப்பான். காலையில எட்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தான்னா சாயந்திரம் கடை மூடற வரைக்கும் அவன் வாயிலேர்ந்து மொத்தம் நாலு வார்த்தை வரும். அதுல ரெண்டு "சரிக்கா".

அவனுக்கு நாப்பத்தொண்ணு. எனக்கு அம்பத்திமூணு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆச்சு, பிள்ளைகுட்டி இல்ல. இதை இப்பவே சொல்லி வச்சிடறேன். பின்னாடி நீங்க என்னைத் திட்டும்போது கொஞ்சம் பார்த்துத் திட்டுவீங்க.

பூச்சியைப் பத்திச் சொல்லணும். வாலில்லாத சாட்டைத்தேள்னு அதுக்குப் பேராம். தேள்ங்கிறான், கொடுக்கு கிடையாது. சிலந்திக்குச் சொந்தம்ங்கிறான், வலை பின்னாது. நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கும், ஆனா சமைச்சுத் திங்கவும் முடியாது. ஒண்ணுக்கும் உதவாத ஒரு ஜீவனைத் தேடிப்பிடிச்சு வளர்க்கணும்னா என் தம்பியாலதான் முடியும். உடம்பு இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா இருக்கும். முன்னாடி முள்ளு முள்ளா ரெண்டு கை. எட்டு காலு இருக்கே, அதுல முன்னாடி ரெண்டும் நூல் கணக்கா நீளமா இருக்கும். அதை வச்சு நடக்காது, இருட்டுல சுவிட்சு தேடற மாதிரி எதையாவது தடவிக்கிட்டே நிக்கும். விஷம் கிடையாது, கொட்டாது, சத்தம் போடாது. ஆனா பார்த்தவங்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு காலேஜ் வாத்தியார் தேய்க்கறதுக்குக் கோட்டு குடுத்தார். கூடவே ஒரு டப்பாவைக் குடுத்து, ரெண்டு வாரம் பார்த்துக்கோன்னு தம்பிகிட்ட சொல்லிட்டுப் போனார். திரும்பி வந்து கோட்டை வாங்கிக்கிட்டார், டப்பாவை வாங்கிக்கல. இவனும் கேக்கல. அதுக்கு வெக்கையும் ஈரமும் இருட்டும் வேணுமாம், எங்க பாய்லர் ரூமை விட்டா வேற சொர்க்கம் எங்க இருக்கு? ஒண்ணு மூணாச்சு. மூணுக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டி, உள்ள நெட்டுக்குத்தா நிறுத்தின மரப்பட்டை, மேல கறுப்புத் துணி. மூத்ததுக்குப் பெரியம்மான்னு பேர் வச்சான். விரிச்ச என் கை அளவுக்கு இருக்கும் அது.

இரை சில்வண்டு. துணிக்கடலுக்கு நடுவுல சில்வண்டு வளர்க்கிறான் பாருங்க, அவன் மூளையை என்னன்னு சொல்ல! ஒரு தடவை ஒண்ணு தப்பிச்சு வக்கீல் கவுனுக்குள்ள போயிடுச்சு. கோர்ட்டுல அவர் வாதாடும்போதெல்லாம் அதுவும் கூடவே வாதாடியிருக்கு. அன்னைக்கு அவர் வந்து போட்ட சத்தத்துல பாதியை நான் தம்பிக்குத் திருப்பிக் குடுத்தேன். "சரிக்கா"ன்னான்.

சம்பந்தத்துக்கு வர்றேன். முதல்ல வந்தது பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கிற பொண்ணு. "கடையைச் சுத்திப் பாரும்மா"ன்னு பாய்லர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெட்டி மேல இருந்த துணியை முன்கூட்டியே எடுத்து வச்சிருந்தேன். அவ போட்ட கூச்சல்ல எதிர்க்கடைக்காரர் என்னமோ கலவரம்னு ஷட்டரை இறக்கிட்டார். அடுத்தது ஒரு டீச்சர், கொஞ்சம் நெஞ்சழுத்தக்காரி. "கடிக்குமா"ன்னு கேட்டா. "இதுவரைக்கும் இல்ல"ன்னேன், அந்த "வரைக்கும்"ல லேசா ஒரு அழுத்தம் குடுத்து. மூணாவது பொண்ணு அவங்க அம்மாவோட வந்தா. அந்தம்மா பார்த்த மாத்திரத்துல சாய்ஞ்சுட்டாங்க. நானே தண்ணி தெளிச்சு, நானே விசிறி, நானே வண்டி பிடிச்சு ஏத்தி அனுப்பினேன். அத்தனை அன்பா யாரும் யாரையும் விரட்டியிருக்க மாட்டாங்க.

ஒவ்வொரு தடவையும் தம்பிகிட்ட வந்து, "பார்த்தியா, எல்லாம் உன் பூச்சியால வந்த வினை"ன்னு குதிப்பேன். அவன் "சரிக்கா"ன்னுட்டுப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்குவான்.

ஏன் அப்படிப் பண்ணினேன்னா, அவன் போயிட்டா அந்த ரெண்டு ரூம்ல நான் யார் முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? சண்டை போடறதுக்காவது ஒரு ஆள் வேணாமா? பயம்தான், வேற என்ன. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

நாலாவதா வந்தவளுக்கு நான் வச்ச பேரு மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில எலும்பு முறிஞ்சவங்களுக்குக் கட்டுப் போடற வேலை. வாராவாரம் அவ கோட்டு எங்ககிட்ட வரும், முன்பக்கம் பூரா மாவு காய்ஞ்சு கெட்டியா. "இது கோட்டா, பூசின சுவரா?"ன்னு நான் கேப்பேன். "சுவருன்னா வெள்ளையடிச்சுக் குடுங்கக்கா"ன்னுவா. பதிலுக்குப் பதில் பேசறவ. எனக்கு அவளைப் பிடிக்கும், அதுதான் சங்கடம்.

ஒரு நாள் பார்க்கிறேன், தம்பி அவ கோட்டை மடியில போட்டுக்கிட்டு பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு மாவுத் திட்டா சுரண்டிக்கிட்டிருக்கான். என் சொந்தச் சேலைக்குக்கூட அவன் அப்படிப் பண்ணினதில்ல. அடுத்த வாரம் அவ வந்தப்போ அவகிட்ட ஒன்பது வார்த்தை பேசினான். நான் எண்ணினேன்.

"ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்கக்கா"ன்னான் ஒரு நாள்.

"எதுக்கு?"

"பேச."

"என்ன பேச?"

"பேசத்தான்."

அந்த வாரத்தோட பெரியம்மா இரை எடுக்காம இருபது நாள் ஆச்சு. தோல் உரிக்கப் போகுதாம். பட்டையில தலைகீழாத் தொங்கிக்கிட்டு பழைய தோலை விட்டு அப்படியே கீழ இறங்கி வருமாம். வரும்போது உடம்பு கூழு மாதிரி இருக்குமாம். அந்த நேரத்துல விழுந்தா கால் கோணி, காய்ஞ்சு, செத்தே போயிடுமாம். இத்தனையும் அவன் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னான். பெட்டி மேல போட்ட துணியில சிவப்புச் சீட்டும் குத்தி வச்சான். எங்க கடையில சிவப்புச் சீட்டு குத்தினா அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம். சட்டம் போட்டதே நான்தான்.

ஞாயித்துக்கிழமை கடை லீவு. மூணு மணிக்குத் தம்பி சவரம் பண்ணி, தானே தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு பிஸ்கட் வாங்கப் போனான். அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், மாவுக்கட்டு வந்துட்டா, அரை மணி நேரம் முன்னாடியே.

"வாம்மா. கடையைச் சுத்திப் பார்க்கறியா?"

"வேணாம்க்கா. வாரம் பூரா நின்னு கால் விட்டுப்போச்சு. இங்கயே உக்காந்துக்கறேன்."

உக்காந்துட்டா. பாய்லர் ரூமுக்கு இழுத்துட்டா போக முடியும்? அவ பூச்சிகிட்டப் போகலேன்னா என்ன, பூச்சி அவகிட்ட வரட்டும்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷம்தானே. உள்ள போனேன், துணியை எடுத்தேன். பெரியம்மா முதுகுல ஒரு வெடிப்பு, உள்ள வெளேர்னு என்னமோ தெரிஞ்சுது. நான் நின்னு பார்க்கல. தெரியாமப் பண்ணிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சேதான் தூக்கினேன்.

பெட்டியோட வந்தவ, தேய்க்கிற மேஜை முனையில இடிச்சேன். டக்குனு ஒரு சத்தம். உள்ள நெட்டுக்குத்தா நின்ன பட்டை வழுக்கிச் சரிஞ்சு, கண்ணாடியில சாய்ஞ்சு நின்னுது. பெட்டியை மேஜை மேல வச்சேன், பிடிச்ச கையை எடுக்கல.

மாவுக்கட்டு எழுந்து வந்தா. முகம் அவ கோட்டை விட வெளுத்துப் போச்சு, ஆனா கத்தல. "அக்கா, இது என்ன கண்றாவியோ எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னா.

அந்த நேரம் பார்த்து வாசல்ல தம்பி. பிஸ்கட் பொட்டலம் கீழ விழுந்துது. நாப்பது வருஷத்துல முதல் தடவையா என்னைப் பார்த்துக் கத்தினான். "கையை எடு!" அடுத்த நொடியே, "எடுக்காதே, எடுக்காதே, அப்படியே நில்லு!"

மூடியைக் கழட்டிப் பார்த்தான். பாதி உடம்பு பழைய தோலுக்குள்ள, பாதி வெளியே. வெளியே வந்தது வெண்ணெய் நிறத்துல, லேசாப் பச்சை கலந்து. பழைய தோலோட எட்டு கால்ல ரெண்டுதான் பட்டையைப் பிடிச்சிருந்துச்சு. மத்ததெல்லாம் இடிச்ச இடியில விட்டுப்போச்சு.

"அக்கா, பட்டையை நெட்டுக்குத்தா நிமிர்த்தி மெதுவா மேல தூக்கு. அது தொங்கணும். தொங்கினாத்தான் வெளிய வரும்."

"நீ தூக்கேன்டா."

"என் கை ஆடுது."

தூக்கினேன். மேல ஒரு கை, கீழ ஒரு கை. பூச்சி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துல. ஒன்பது வருஷத்துல அதை அத்தனை கிட்டத்துல நான் பார்த்ததே இல்ல, பார்க்க வேண்டியும் இருந்ததில்ல.

"அந்தப் பழைய தோலுக்கு வலி தெரியுமா?"ன்னு கேட்டா மாவுக்கட்டு.

"தெரியாதுங்க. அது வெறும் கூடு, நுனியில உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்ப அதை இந்தக் கட்டையோட சேர்த்துக் கட்டிடலாம். நூல் இருக்கா? சின்ன ஊக்கு?"

சலவைக்கடையில ஊக்குக்கா பஞ்சம்? சீட்டு குத்தற ஊக்கு டப்பா நிறைய இருக்கு. அவ கையைக் கழுவிட்டு வந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டா, கொடியில சட்டை காயப் போடற மாதிரி விட்டுப்போன ஆறு காலையும் ஒவ்வொண்ணா நூல் சுத்தி ஊக்கால பட்டையில குத்தினா. கை துளி ஆடல. நெத்தி மட்டும் வேர்த்துக் கொட்டுது. ஆறாவது முடிச்சைப் போட்டுட்டு மூணு அடி பின்னாடி போய்ச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ அம்மா, எவ்வளவு அசிங்கமா இருக்கு!"ன்னா.

"எவ்வளவு நேரம்டா பிடிக்கணும்?"ன்னேன்.

"ஒரு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"எங்கயாவது சாய்ச்சு..."

"பேசாதக்கா. உன் மூச்சு அது மேல படுது."

ஸ்டூலைப் போட்டு என்னை உக்கார வச்சான். முழங்கைக்கு அடியில ஹோட்டல் விரிப்பை மடிச்சு வச்சான். ஜன்னலை மூடினான். ஈரம் வேணுமேன்னு ஸ்டீமைத் திறந்து விட்டான். ஆவி குபுகுபுன்னு வருது, எனக்கு முதுகுல ஆறு ஓடுது, மூக்கு நுனியில அரிப்பு. சொறிய ஏது கை? இவங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி ஆளுக்கொரு துணி மூட்டை மேல உக்காந்தாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. எந்தப் பேச்சு நடக்கக் கூடாதுன்னு நான் இத்தனை பாடுபட்டேனோ, அது என் கண்ணு முன்னாடி நடக்கப் போகுது. நான் எழுந்து போகவும் முடியாது, குறுக்க பேசவும் முடியாது.

"ஏன் இதைப் போய் வளர்க்கறீங்க?"ன்னா அவ.

"சத்தம் போடாதுங்க. சத்தத்துக்கு வீட்ல ஏற்கனவே ஆள் இருக்காங்க."

அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு நாக்கு நுனியில பத்து பதில் வந்து நிக்குது, ஒண்ணையும் வெளிய விட முடியல.

தம்பி பேசினான். இவனுக்குள்ள இத்தனை பேச்சு இருந்துச்சான்னு நான் அசந்துட்டேன். குஞ்சுங்களையெல்லாம் தாய் முதுகுல சுமக்கும்னான். தோல் உரிச்சா ஒடிஞ்ச காலும் முளைக்கும்னான். அதுக்கு அவ, "அந்த வித்தை மனுஷனுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்"னா. அப்புறம் அவ தன் மூட்டையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டா.

"ஒண்ணு கேக்கலாமா? முந்தி வந்தவங்க மூணு பேரும் இதைப் பார்த்துத்தான் ஓடினாங்களாமே?"

"அவங்களா பார்க்கலைங்க. அக்கா காட்டினாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினா கத்த முடியாதும்பாங்க. கொடுக்கே இல்லாத தேளைக் கையில வச்சுக்கிட்டு நான் கொட்டு வாங்கறேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு தடவையும் பெட்டி மேல போட்ட துணி பக்கத்துல மடிச்சு இருந்துச்சு. நாலா, விளிம்போட விளிம்பு சேர்த்து. நான் மடிச்சா கோணிக்கும். இந்தக் கடையில அப்படி மடிக்கறது ஒரே ஒருத்தர்தான்."

"தெரிஞ்சும் கேக்கலியா?"

"கேட்டா என்ன சொல்லுவாங்க? தனியா இருக்கப் பயமா இருக்குன்னு அக்கா வாயில வராது. அதை வரவழைச்சுப் பார்க்க எனக்கும் மனசு வரல. சின்ன வயசுலேர்ந்து என்னை வளர்த்தது அவங்கதான், இல்லேன்னா நான் எந்த வீட்டு வாசல்ல நின்னிருப்பேனோ, தெரியாது. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

பாவி, ஒவ்வொரு தடவையும் "சரிக்கா சரிக்கா"ன்னானே, அது இதுதானா? எனக்கு அழுகை வருது. அழுதா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா அது மேல படும். உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"அப்ப என்னையும் போகட்டும்னு விட்டுடுவீங்களா?"ன்னா அவ.

"இல்லைங்க." இந்தத் தடவை சட்டுனு சொன்னான். "இது தோல் உரிச்சு முடிச்சதும் நானே உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன். புதுசா இருக்கும்போது ரொம்ப அழகா இருக்கும்."

"எனக்கு இதைப் பிடிக்கலை. முன்னாடியே சொல்லிடறேன். இனிமேலும் பிடிக்கும்னு தோணலை."

"சரிங்க."

"மாடிக்கு வரக் கூடாது."

"எங்கயும் வராது. பத்து நாளானாலும் ஒரே இடத்துல நிக்கும், பேசாது."

"உங்களைச் சொல்றீங்களா, அதைச் சொல்றீங்களா?"

அவன் சிரிச்சான். அவன் பல்லு தெரியச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்குக் கணக்கே இல்ல.

அவ எழுந்து என்கிட்ட வந்தா. பட்டையைப் பார்க்காம இருக்கப் படாத பாடு பட்டு, என் முகத்துக்கு நேரா குனிஞ்சா. "அக்கா, நான் இந்த வீட்டுக்கு வரலாமா? மூணு பேருமா மாடியில இருந்துக்கலாம். உங்களை விட்டுட்டு இவரைக் கூட்டிட்டுப் போற எண்ணம் எனக்கு இல்ல. கோட்டுக்கு யார் என்னோட சண்டை போடுவா? ஆனா உங்களுக்கு இஷ்டமில்லேன்னா வரலை. நிஜமாத்தான் சொல்றேன்."

வாயைத் திறந்தேன். "பேசாதக்கா"ன்னான் தம்பி. தலையை ஆட்டப் போனேன். "ஆட்டாதே, பட்டை ஆடும்."

"அப்ப கண்ணால சொல்லுங்க"ன்னா அவ. "தாடை உடைஞ்சு கட்டுப் போட்டவங்ககிட்ட எங்க வார்டுல இப்படித்தான் கேப்போம். ஒரு தடவை மூடினா சரி. ரெண்டு தடவை மூடினா வேண்டாம்."

வேர்வை ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம், கண்ணு ரெண்டும் மிளகாய் பட்ட மாதிரி எரியுது. இமை படபடன்னு அடிச்சுக்கத் துடிக்குது. அடிச்சா இவ தப்பாக் கணக்கு எடுத்துக்குவா. பட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நிதானமா, ஒரே ஒரு தடவை மூடினேன். மூடினவ திறக்கல. திறந்தா அழற கண்ணு சும்மா இருக்குமா, மறுபடியும் மூடிக்கும். ரெண்டாயிடும்.

"ஒண்ணு"ன்னா அவ. "ஒண்ணுதானே? இன்னும் திறக்கலியே?"

"இரு... இருங்க" தம்பி குரல் கரகரன்னு வந்துச்சு. "வருது. கால் வெளிய வந்துடுச்சு. எட்டும் வந்துடுச்சு. ஒண்ணுகூடக் கோணல!"

"அட!"ன்னு அவ மூச்சு விட்டா. "கண்ணாடி மாதிரி இருக்கே!"

"அக்கா, கண்ணைத் திறந்து பாரேன்! அக்கா!"

நான் திறக்கல.